வெறும் வயிற்றில் ஒரு கிண்ணம் பஞ்சாமிர்தம்

இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு யாரும் தானாகப் போன் செய்வதில்லை. பதினாறு வருஷமாகத் திண்டுக்கல்லில் இந்த வேலை பார்ப்பவள் சொல்கிறேன், நம்பலாம். நாங்கள்தான் கூப்பிட வேண்டும், அவர்கள்தான் கட் பண்ண வேண்டும். கல்யாணப் பந்தியில் நான் போய் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரர் எழுந்து எதிர் வரிசைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். பேருந்து நிலையத்தில் ஒரு தடவை என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்ட ஒருவர், நத்தம் போவதற்குப் பதிலாகக் கரூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். பாவம், எங்கே போய் இறங்கினாரோ.

அதனால்தான் போன வருஷம் ஆடி மாதம் ஒரு மத்தியானம் என் போன் அடித்து, "அக்கா, எனக்கு ஒரு பாலிசி போடணுமுங்க, எப்ப வர்றீங்க?" என்று ஒரு பெண் கேட்டதும், ஓடிக்கொண்டிருந்த ஸ்கூட்டரை நாகல் நகரில் நடுத்தெருவில் நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் திட்டினார். திட்டட்டும்! ஆடி மாதத்தில், கேட்காமலே ஒரு பாலிசி. எங்கள் கிளையில் சொன்னால் என்னைக் கிள்ளிப் பார்ப்பார்கள்.

ஆடி எங்களுக்கு வியாபாரம் படுத்துவிடும் மாதம். நம் சனங்கள் ஆடித் தள்ளுபடியில் கடை கடையாக ஏறிச் சேலை எடுப்பார்கள், கிடா வெட்டுவார்கள், கூழ் ஊற்றுவார்கள், ஆனால் ஒரே ஒரு கையெழுத்து மட்டும் போட மாட்டார்கள். "ஆவணி பொறக்கட்டும்க்கா" என்பார்கள். மற்ற மாதங்களில் மட்டும் என்ன வாழ்கிறது? அஷ்டமி, நவமி, கரிநாள், ராகு காலம். எல்லாவற்றையும் கழித்து ஒரு நல்ல நேரம் பார்த்துப் பேனாவைக் கையில் எடுக்கும்போது பல்லி கத்தினால் மறுபடியும் அடுத்த வாரம். அதனால் முன்பெல்லாம் என் கைப்பையில் விண்ணப்பப் படிவங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பஞ்சாங்கமும் இருக்கும். அது இல்லாமல் இந்தப் பக்கத்தில் தொழில் நடக்காது என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன்.

கூப்பிட்டது யார் என்று குரலிலேயே தெரிந்துவிட்டது. ஆயக்குடி கொய்யாத் தோட்டக்காரரின் மனைவி. சந்தோஷம் பொங்கி வந்த அதே நிமிஷம், அந்த வீட்டு வாசலை எப்படி மிதிப்பேன் என்ற நினைப்பும் கூடவே வந்தது. ஏனென்று சொல்கிறேன்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவர் கணவரைப் பாலிசி போட வைப்பதற்காக அந்த வீட்டுக்கு மூன்று தடவை போயிருந்தேன். முதல் தடவை பை நிறையக் கொய்யாப்பழம் கொடுத்து அனுப்பினார். இரண்டாம் தடவை கேள்வியாகக் கேட்டுத் துளைத்தார். மூன்றாம் தடவை சரி என்றார். நல்ல மனிதர்கள் எல்லோரும் இந்த வரிசையில்தான் வருவார்கள்.

என் வேலை பாணியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஒரு வீட்டில் உட்கார்ந்து பேச்சை ஆரம்பித்ததும் ஆண்கள் செய்கிற முதல் காரியம், மனைவியைக் காபி போட அனுப்புவது. காபி எனக்காக இல்லை. குடும்பத்தலைவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதல்லவா பேச்சு? அது அந்தம்மா காதில் விழக்கூடாதாம். நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலையப்போவதே அந்தம்மாதான்! எனக்குக் கோபம் கோபமாக வரும். அதனால் பைலைத் தூக்கிக்கொண்டு நானும் அடுப்படிக்கே போய்விடுவேன். எத்தனையோ பாலிசிகளை வெங்காயம் உரித்துக்கொண்டே பேசி முடித்திருக்கிறேன். வேறு வழியில்லாமல் ஆண்கள் அடுப்படி வாசலில் வந்து நின்று கேட்பார்கள். தன் வீட்டுச் சீரக டப்பா எங்கே இருக்கிறது என்று பல பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஆயக்குடியிலும் அப்படித்தான் நடந்தது. அவர் காபி போடச் சொன்னார், நான் அந்தம்மாவோடு அடுப்படிக்குப் போனேன், அவரும் பின்னாலேயே வந்தார். மூன்றாம் தடவை போனபோது படிவம் முழுவதையும் நிரப்பிவிட்டேன். அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். அப்புறம் தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்க்கா, ஆடியா இருக்குதுங்களே. ஆவணி மொத முகூர்த்தத்துல போட்டுக்கலாமுங்களா? ஒரு மாசத்துல என்ன ஆகப் போகுதுங்க?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பேனாவைப் பிடித்து அவர் கையில் திணித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டி, ஆவணியில் முதல் முகூர்த்தம் எந்தக் கிழமை என்று பார்த்து, அதை நானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த ஆடியிலேயே, மழை பெய்த ஒரு காலையில், ஈரக் கையோடு மோட்டார் சுவிட்சைத் தொட்டவர் தோட்டத்திலேயே போய்விட்டார்.

துக்கத்துக்குப் போனேன். அந்தம்மா முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் ஒட்டன்சத்திரம் வருவதற்குள் பஞ்சாங்கத்தை எடுத்து ஜன்னல் வழியாக வீசிவிட்டேன். நேராக என் வீட்டுக்காரர் கடைக்குப் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார் அவர். அவர் பேரில் ஒரு பெரிய பாலிசி போடுவதைப் பல மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தோம். படிவத்தை ஜெராக்ஸ் மிஷின் மேலேயே விரித்தேன்.

"இப்ப ராகு காலம்டி, செத்த நேரம் பொறு" என்றார்.

"வாயை மூடிக்கிட்டுப் போடுங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்தவர் வாயை மூடிக்கொண்டு போட்டார்.

இப்படிப்பட்ட கதை இருக்கும்போதுதான் அந்தம்மாவே என்னைக் கூப்பிட்டிருக்கிறார். "ஆடின்னு யோசிக்காதீங்க்கா. நாளைக்கே வந்தாலும் சரிங்க" என்று வேறு சொன்னார். எனக்கு அன்றைக்கெல்லாம் தரையில் கால் பாவவில்லை.

மறுநாள் காலையிலேயே ஆயக்குடிக்குப் போய் நின்றேன். காய் பறித்து மண்டிக்கு அனுப்பிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார், முந்தானையில் கொய்யா இலை ஒட்டியிருந்தது. முன்பெல்லாம் அடுப்படியை விட்டு வெளியே வராதவர், இப்போது தோட்டம், கூலியாள், வியாபாரி எல்லாம் ஒற்றை ஆளாகப் பார்க்கிறார். அவருக்கு ஒரே பெண். பதினெட்டு வயது, அந்த வருஷம்தான் காந்திகிராமத்தில் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அன்றைக்கு லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா பாப்பா படிப்பு அன்னைக்கே நின்னுருமுங்க" என்றார் அந்தம்மா. "தோட்டத்தைக் கேட்டு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. அவ யாரு வீட்டு வாசப்படியிலயும் போய் நிக்கக் கூடாதுங்க. நான் இல்லீன்னாலும் அவ நெனச்சதப் படிக்கோணும். அதுக்கு என்ன உண்டோ அதைப் போடுங்க."

என் பதினாறு வருஷத்தில் இவ்வளவு தெளிவாக ஒருவர் கேட்டதில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொன்னார். புரியாததைத் திரும்பக் கேட்டார். அப்புறம் பேனாவை வாங்கி, அவசரமில்லாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஜலதோஷம் என்று பொய் சொன்னேன்.

நடுவில் அந்தப் பெண் வெளியே வந்தாள். மேஜையில் கிடந்த படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனைத் தவிர யார் முகத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய தொகை என்பதால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னது நிறுவனம். திண்டுக்கல்லில் ஒரு லேபில் நாள் வாங்கினேன். அந்தம்மாவுக்குப் போன் போட்டு, அட்சரம் பிசகாமல் சொன்னேன்: "முத நாள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டதோட சரி தாயி. காலையில காபி கூடாது, டீ கூடாது, ஒரு வாழைப்பழம் கூடாது. வெறும் வயித்தோட வரணும்." அவரும் திருப்பிச் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் நாள் குறித்தது ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரியாது. தெரிவதற்கு, பஞ்சாங்கத்தைத்தான் ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் வீசிவிட்டேனே!

காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். சுங்குடிச் சேலை, தலை நிறையப் பூ இல்லையே தவிர ஒரு விசேஷத்துக்கு வந்த மாதிரிதான் வந்தார். ரத்தம் எடுக்கும்போது ஊசியைப் பார்க்காமல் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன். நான்கு இட்லி, ஒரு பொங்கல், ஒரு வடை. "எனக்குன்னு ஒரு வேலையா நான் திண்டுக்கல் வந்தது இதுதானுங்க மொதத் தடவ" என்றார். எதிரில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நல்லபடியாக முடிந்துவிடும் என்று மனசு சொல்லிவிட்டது.

இரண்டு நாள் கழித்துக் கிளை அலுவலகத்திலிருந்து அதிகாரி கூப்பிட்டார். "மேடம், உங்க ஆயக்குடி கேஸ்ல சுகர் எக்கச்சக்கமா இருக்கு. இவங்க படிவத்துல எந்த வியாதியும் இல்லன்னு எழுதிருக்காங்க. இன்னைக்குச் சாயங்காலம் மேல அனுப்புறேன். தள்ளிருவாங்கன்னுதான் நினைக்கிறேன்."

ஒரு நிறுவனம் தள்ளிவிட்டால் அதோடு போகாது. அடுத்த நிறுவனத்தின் படிவத்திலும் ஒரு கேள்வி இருக்கும்: இதற்கு முன் உங்கள் விண்ணப்பம் எங்காவது நிராகரிக்கப்பட்டதா? ஆம் என்றுதான் எழுத வேண்டும். அந்த ஒரு வார்த்தை ஆயுசுக்கும் கூடவே வரும். புருஷனுக்குத்தான் ஒன்றும் செய்யாமல் விட்டேன், பெண்டாட்டிக்கும் நானே கதவைச் சாத்திவிடப் போகிறேனா? மணி அப்போது பன்னிரண்டு. சாயங்காலம் வரைக்கும்தான் நேரம்.

வீட்டுக்காரர் கடையில் நின்றுகொண்டுதான் அந்தம்மாவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்குச் சுகருங்களா?" என்றார். "எங்கூட்டுல யாருக்குமே இல்லீங்களே."

போலீஸ்காரர் மாதிரி விசாரிக்க ஆரம்பித்தேன். காபி? இல்லீங்க. டீ? இல்லீங்க. பஸ்ஸில் மிட்டாய்? சேச்சே. இருமல் மருந்து? இல்லவே இல்லீங்க.

"சத்தியமாச் சாப்பிடலீங்க்கா. மொத நாளு கிருத்திகை வேற, பகலெல்லாம் பச்சத் தண்ணியோட விரதமுங்க. ராத்திரி ரெண்டு வாய்ப் பால். காலையில பிரசாதத்தை வாயில போட்டு விரதத்தை முடிச்சதோட சரி, நேரா பஸ் ஏறிட்டேனுங்க."

"என்ன பிரசாதம்?"

"பஞ்சாமிர்தமுங்க. லீவுல வந்த பாப்பா பழனி மலைக்குப் போய் வாங்கிட்டு வந்தா."

"எம்புட்டு சாப்பிட்டீங்க?"

"அவதான் கிண்ணத்துல போட்டுக் குடுத்தா. ஒரு கிண்ணமுங்க."

"ஒரு கிண்ணமா! அடி ஆத்தா! ஒண்ணும் சாப்பிடலன்னு இப்பத்தானே சத்தியம் பண்ணினீங்க?"

"சாப்பிடலீங்களே" என்றார், உண்மையிலேயே திகைத்துப் போய். "பிரசாதம் சாப்பாடுங்களா?"

வாழைப்பழம், வெல்லம், தேன், பேரீச்சம்பழம், கற்கண்டு! வெறும் வயிற்றில் ஒரு கிண்ணம்! சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? நான் கடையிலேயே குதித்தேன். ஆதார் அட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்து நின்ற ஒரு பெரியவர் இரண்டடி பின்வாங்கினார். "சுகர் இல்ல, பஞ்சாமிர்தம்! பஞ்சாமிர்தம்!" என்று நான் கத்த, எங்கே கொடுக்கிறார்கள் என்று ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அந்தம்மாவிடம் நடந்ததை ஒரு தாளில் கைப்பட எழுதச் சொல்லி, படம் எடுத்து போனில் அனுப்பச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் வந்தது. சாய்ந்த எழுத்தில் மூன்று வரி, கடைசியில் ஒரு "மன்னிக்கவும்". அதைக் கடையிலேயே பிரிண்ட் எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்குப் பறந்தேன். மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அதிகாரியை மாடிப்படியிலேயே மறித்துவிட்டேன்.

அவர் தாளை வாசித்தார். மறுபடி வாசித்தார். "மேடம், இதை நான் பைல்ல என்னன்னு எழுதுறது?"

"நடந்ததை எழுதுங்க சார். சாமி பிரசாதம் உண்டதால் ரத்தச் சர்க்கரை கூடியிருக்கலாம். மறுபரிசோதனை வேண்டுகிறோம்."

"வெறும் வயிறுன்னு சொன்னதுக்கு அப்புறமுமா ஒருத்தர் சாப்பிடுவாங்க?"

"சார், நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க. விரதம் இருந்துட்டு, காலையில உங்க வீட்டுல பஞ்சாமிர்தத்தை உள்ளங்கையில வச்சா, இல்ல எனக்கு வேணாம், லேப்ல வெறும் வயிறுன்னு சொல்லிருக்காங்கன்னு சொல்லுவீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "வாங்கி வாயில போட்டுக்கிட்டுத்தான் வருவேன்" என்றார். படியேறித் திரும்பிப் போய், பைலை எடுத்து, மறுபரிசோதனைக்குப் பரிந்துரை எழுதினார். இந்த முறை மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். அதை ஒருநாள் தின்ற இனிப்பால் ஏமாற்ற முடியாதாம். நான் அவருக்கு மூன்று தடவை நன்றி சொன்னேன். பசிக்கிறது, வழியை விடுங்கள் என்றார்.

மறுபரிசோதனை நாளில் நான் யாரையும் நம்பத் தயாராக இல்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து ஆயக்குடிக்கே போய் அந்தம்மாவைக் கூட்டி வந்தேன். மகள் ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள். அந்தம்மாவோ வாயைத் திறந்தால் எதுவும் உள்ளே போய்விடுமோ என்று பயந்தவர் போல, பழனி ரோடு முழுக்கத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தார். பக்கத்துச் சீட்டுக்காரம்மா பாசத்தோடு நீட்டிய திருநீற்றை நெற்றியில் வைத்துக்கொண்டார், நாக்கில் வைக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் இருந்தது. நிஜமாகவே சர்க்கரை இருந்துவிட்டால்?

மூன்றாம் நாள் அதிகாரி கூப்பிட்டார். நான் சின்னாளப்பட்டியில் ஒரு நெசவாளி வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "ரெண்டுமே நார்மல் மேடம்" என்றார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் தறி நின்றுவிட்டது. அந்த வீட்டுக்காரர் ஓடி வந்து கை வெட்டிக்கொண்டேனா என்று பார்த்தார். நான் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, தான் யோசித்துக்கொண்டிருந்த பாலிசிக்கு அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். அதுவும் ஆடிதான்!

ஆவணி பிறந்து கொஞ்ச நாளில் பாலிசிப் பத்திரம் தபாலில் ஆயக்குடிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தம்மா கூப்பிட்டு, சனிக்கிழமை மகள் வருகிறாள், அவள் பெயரைத்தான் நாமினியாகப் போட்டிருக்கிறது, நீங்களே வந்து அவளுக்கு விளக்கிச் சொல்லிவிடுங்கள் என்றார். போனேன். மூவரும் உட்கார்ந்தோம். பத்திரத்தை விரித்து நான் ஆரம்பிப்பதற்குள் வாசலில் வியாபாரியின் வண்டி வந்து ஹாரன் அடித்தது. கூடைகளை ஏற்ற அந்தம்மா எழுந்து போனார். நானும் அந்தப் பெண்ணும் மட்டும் இருந்தோம்.

அவள் பத்திரத்தைப் பார்க்கவே இல்லை. கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஆன்ட்டி, அன்னைக்குப் பஞ்சாமிர்தம் குடுத்தது நான்தான்."

"தெரியும் கண்ணு, உங்கம்மா சொன்னாங்க. பிரசாதம்தானே, நீ என்ன பண்ணுவ?"

"இல்ல ஆன்ட்டி. வேணும்னேதான் குடுத்தேன். அம்மாவுக்குத்தான் தெரியாது. நான் ப்ளஸ் டூவுல பயாலஜி படிச்சவ. எனக்குத் தெரியும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நீங்க வந்தீங்க. அப்பா கையெழுத்துப் போடறேன்னு சொன்னாரு. அந்த மாசமே செத்துட்டாரு." துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். "மறுபடி நீங்க வந்தீங்க. அதே பேப்பரு. அம்மா கையெழுத்தே போட்டுட்டாங்க. எனக்கு அம்மா மட்டும்தான் ஆன்ட்டி இருக்காங்க. டெஸ்ட்ல பெயிலாயிட்டா பாலிசி வராது, அம்மாவுக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

அத்தனை நாளும் அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று அப்போதுதான் உறைத்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து எவ்வளவு பயந்திருப்பாள்! நாற்காலியை நகர்த்திப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கண்ணு, உங்கப்பா விஷயத்துல தப்பு என் மேலதான்" என்றேன். இதை நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. "பேப்பரைக் கொண்டுவந்தது தப்பில்ல. கையெழுத்து வாங்காம அதைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போனேன் பாரு, அதுதான் தப்பு. அன்னைக்கு நான் பிடிவாதமா நின்னிருந்தா உங்கம்மா இன்னைக்கு இம்புட்டுக் கஷ்டப்பட வேண்டியதில்ல. உங்கப்பாவை இந்தப் பேப்பர் கொல்லல. இது யாரையும் கொல்லாது, யாரையும் காப்பாத்தவும் செய்யாது. உங்கம்மா உன்னைய விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு நெனைக்கிறாங்க. அதை எழுதி வச்சிருக்காங்க, அவ்வளவுதான்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். இந்தத் தடவை ஜலதோஷம் என்று சொல்லவில்லை. வெளியே கூடைகளை எண்ணும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாகப் பத்திரத்தைக் கையில் எடுத்தாள். படித்த பிள்ளை, வேகமாக வாசித்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இருபத்தஞ்சு வருஷமும் அம்மா கட்டி முடிச்சுட்டு, நல்லாவே இருந்தாங்கன்னா எவ்வளவு வரும் ஆன்ட்டி?"

"ஒண்ணும் வராது. இந்த வகைப் பாலிசியில கட்டினது கட்டினதுதான்."

"ஒரு ரூபாகூட வராதா?"

"ஒரு ரூபாகூட வராது."

இந்தக் கேள்வி வந்தால் எங்கள் தொழிலில் கதை முடிந்தது என்று அர்த்தம். செத்தால்தான் பணமா, இருந்தால் அவ்வளவும் வீணா என்று படிவத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதையே இந்தப் பிள்ளையும் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

அவள் பத்திரத்தை மேஜையில் வைத்து, மடிப்பு நிமிர உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"அப்ப எல்லாம் வீணாப் போயிரணும்" என்றாள். "தெனமும் சாமிகிட்ட இதைத்தான் கேக்கப் போறேன். எங்கம்மா கட்டுற காசு பூராவும் வீணாப் போயிரணும்."

"போகட்டும்டா தங்கம்" என்றேன். "ஒரு பைசா மிச்சமில்லாம வீணாப் போகட்டும்."

கடைசி வார்த்தை மட்டும் காதில் விழுந்து, இடுப்பில் ஒரு கூடையோடு அந்தம்மா பதறிப்போய் உள்ளே வந்தார். "ஏனுங்க்கா, என்னங்க வீணாப் போச்சு?"

அந்தப் பிள்ளை எழுந்து ஓடினாள். கூடையைக் கீழே வைக்கக்கூட விடாமல் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கொய்யாப்பழங்கள் தரையெல்லாம் உருண்டன.